பத்தாவது பாப்பா

1.

வே, இந்தக் கதை ரிப்போர்ட்டாகத்தான் பிறந்தது. கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஊர். மேலத்தெருவில் ஒரு பால்வாடி*, கீழத்தெருவில் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லி ஆபீசிலிருந்து என்னை அனுப்பினார்கள். பத்துப் பிள்ளைக்குக் குறைந்தால் மூடி, மற்றதோடு சேர்த்துவிடுவார்களாம்.

மேலத்தெருவில் டைல்ஸ் தரை, சுவரில் யானை, இருபத்தாறு பிள்ளைகள். கீழத்தெருவிலோ ஜன்னலுக்குக் கதவு இல்லாத... (போதும். இதை ஆபீசரே வாசிக்க மாட்டார்.)

*போர்டில் அங்கன்வாடி. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

2.

கீழத்தெரு டீச்சர் கோகிலாவை முதல் படியில் கள்ளியாகத்தான் எழுதினேன். வருகைப் பதிவில் ஒன்பது பேர் ஒழுங்கு. பத்தாவது, வெறும் ‘பாப்பா’, வயசு மூன்று. பேர் வைக்காத பிள்ளையை எங்கள் பக்கம் அப்படித்தான் எழுதுவது. ஆனால் மூன்று வயசு வரைக்குமா பேர் வைக்காமல் இருப்பார்கள்?

“இது யார் பிள்ளை?”

“யார் பிள்ளையும் இல்ல சார். நானாத்தான் எழுதுனேன். மூடிட்டா இதுக எல்லாம் லாரி ரோட்டத் தாண்டில்லா மேலத்தெருவுக்குப் போவணும்.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “ஒங்க பொய்க்கு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்?”

“பொய்னா முட்டை மிஞ்சணும்லா சார்? பத்து அவிக்கேன். ஒண்ணுகூட மிஞ்ச மாட்டேங்கு.”

3.

(இங்கே காற்றடித்தது, நாய் ஊளையிட்டது என்று எழுதி அடித்துவிட்டேன். பகல் பதினோரு மணி வே, நல்ல வெயில்.)

அவள் பேர் கூப்பிட்டாள். ஒன்பதும் வரிசையாக ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லிற்று. நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“பாப்பா.”

ஒரு வாயும் அசையவில்லை.

“உள்ளேன் டீச்சர்.”

பிள்ளைகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சிறுமி மட்டும், “டீச்சர், பாப்பா இடிக்கா” என்று சிணுங்கிக்கொண்டே தள்ளி உட்கார்ந்தாள். யாத்தாடி, எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

4.

முடிவு ஒன்று: ‘பாப்பா’வை அடித்து, ஒன்பது என்று எழுதுகிறேன். பால்வாடியை மூடுகிறார்கள்.

எழுதத்தான் போனேன். கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் வேலை போனாப் போவுது சார். இந்த ஒம்பதையும் எப்படியாவது ரோட்டத் தாண்டிவிட்டுருவாவ. அது எங்கன போவும்? அதுக்கு வீடு கெடையாதே. அப்பன் பேரு, ஆத்தா பேரு எதையும் நான் எழுதாம விட்டுட்டேனே!”

இந்த அழுகையைக் கள்ளிக்கு எழுத முடியாது. அந்த முதல் படியைக் கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: பத்து என்று எழுதுகிறேன். அது பொய்யென்றால் எனக்குப் பயமில்லை. மெய்யாக இருந்துவிட்டால்...

5.

நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கக் கடைசி நாள். பதிவேடு இப்போது என் மேஜையில் இருக்கிறது. ‘பெற்றோர்’ கட்டம் காலி. நேற்று என் பேரில் முதல் எழுத்தை மட்டும் எழுதினேன். அடித்துவிட்டேன்.

உமக்குத் தைரியம் இருந்தால் உம்ம பேரை எழுதும், வே.

பெற்றோர்: ..............

பால்வாடி மூன்றரைக்கு விடும். கூட்டிப் போக நீர்தான் வரணும்.