கொத்துரொட்டிப் படிப்பு

டிலக்சியின் படிப்புக்குப் பல்கலைக்கழகம் வைத்த பெயர் ஆசியப் பிராந்திய, பண்பாட்டுக் கற்கைகள். அவளுடைய அப்பா அருமைநாதன் வைத்த பெயர் கொத்துரொட்டிப் படிப்பு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அரசியல், கொஞ்சம் சமயம், கொஞ்சம் பொருளாதாரம், கட்டாயம் ஒரு மொழி; எல்லாவற்றையும் சூடான தட்டில் போட்டுக் கொத்தினால் மூன்று வருடத்தில் பட்டம். மன்னாரிலிருந்து வந்த குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை, நர்சிங்கும் எடுக்காமல் கணக்கியலும் எடுக்காமல் இதை எடுத்தது சனத்துக்குப் பொறுக்கவில்லை. சிட்னியில், பென்டில் ஹில் மரக்கறிக் கடையில் வைத்து யுவனேஸ்வரி அக்கா கேட்டேவிட்டார்.

"உதைப் படிச்சு முடிச்சா என்னவா வரலாம் தம்பி?"

"நல்ல மனிசரா வரலாம் அக்கா," என்று சொல்லிவிட்டு அருமைநாதன் முருங்கைக்காய் தெரிந்தெடுக்கப் போனார்.

மகளை அவர் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை அவருக்கு. லிஃப்டுக்குக் காத்து நிற்கிற நேரத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மகளின் படிப்பை விளக்குவார். சத்திரசிகிச்சைக்குப் போகிற மனிதர் எழும்பி ஓடவா முடியும்? கேட்டுக்கொண்டு கிடப்பார்.

அவரைக் கலங்கடித்தது அந்தப் படிப்பு அல்ல, அதற்குள் இருந்த மொழி. யப்பானிய மொழி இருந்தது, சீனம் இருந்தது, கொரிய மொழியும் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொரிய மொழிக்குத்தான் முண்டியடிக்கிறார்கள். டிலக்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தோனேசிய மொழியை எடுத்தாள். அருமைநாதனுக்கு அந்த மொழி தெரியும். நன்றாகவே தெரியும். அவருக்குத் தெரியும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

தெரிந்தால் அடுத்த கேள்வி, எங்கே பழகினீர்கள் என்பதாக இருக்கும். அதற்குப் பதில் சொல்லப்போனால் பதினேழு வருடத்துப் பொய் ஒன்று சரியும். டிலக்சிக்கு மூன்று வயதாக இருந்தபோது அவர் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியவர். படகு பிடிபட்டது. இந்தோனேசியாவில் ஒரு தீவில், கம்பிவேலிக்குள், இரண்டு வருடமும் நான்கு மாதமும் இருந்தார். மன்னாரில் பிள்ளை கேட்டபோதெல்லாம் அவருடைய மனைவி கத்தரின், "அப்பா சிங்கப்பூரில கப்பல் திருத்திற இடத்தில வேலை," என்று சொல்லி வைத்தாள். பிறகு அவர் அகதியாக ஏற்கப்பட்டு சிட்னி வந்து, அவர்கள் இருவரையும் கூப்பிட்டு எடுத்தபோது மகளுக்கு எட்டு வயது. பொய்யைத் திருத்த அன்று நேரம் சரியில்லை. அடுத்த வருடமும் சரியில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், நாள்தோறும் மேலே சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெட்கம் மட்டும் என்றால் எப்படியோ சமாளித்திருப்பார். பயம் வேறு இடத்தில் இருந்தது. போன மாதம் மகள் மேசையில் விட்டுப்போன கட்டுரை ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். படகேறி வந்து இந்தோனேசியாவில் அகப்பட்டவர்களைப் பற்றியது. அட்டவணை போட்டிருந்தார்கள்: எந்த நாட்டவர், எத்தனை பேர், சராசரியாக எத்தனை மாதம். அந்தச் சராசரியின் மேல் மகள் மஞ்சள் மை பூசியிருந்தாள். அதற்குள் எங்கேயோ தானும் கிடப்பது தெரிந்து, கட்டுரையை மூடி வைத்துவிட்டார். அவளுக்கு அவர் அப்பாவாக இருக்க விரும்பினார், பாடமாக அல்ல. இந்த வீட்டில் அவர் பல்ப் மாற்றுகிற, கார் ஓட்டப் பழக்கிய, நண்டுக்காலை உடைத்துக் கொடுக்கிற மனிதர். அந்தப் பதவி அவருக்குப் போதுமாக இருந்தது.

ஆகவே வாயைக் கட்டினார். டிலக்சி குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் பாடம் சொல்லுவாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவுவார். அவள் பிழையாகச் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்குப் பல் கூசும். ஒருநாள் ஒரே சொல்லை ஏழு தரம் பிழையாகச் சொன்னாள். தாங்க முடியாமல், கொட்டுகிற மழையில் குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுத்துக்கொண்டு போனார். குப்பை எடுக்கிற நாள் அதுவல்ல.

இரண்டாம் வருடத்தில் வந்தது வினை. யோக்யகர்த்தா நகரத்தில் ஆறு மாதம் போய்ப் படிக்க டிலக்சிக்கு இடம் கிடைத்தது.

"அப்பா ஓம் எண்டாத்தான் போவன்," என்று சொல்லிவிட்டாள்.

இருபது வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. தேவையில்லாமல் கேட்டதால்தான் அந்தக் கேள்வி அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது. அந்த நாட்டில் அவள் ஆறு மாதம் இருந்தால் எத்தனை தீவு, எத்தனை கதை, எத்தனை கட்டுரை? "பார்ப்பம்," என்றார். எங்களுடைய வீடுகளில் பார்ப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். அதுவும் டிலக்சிக்குத் தெரியும். பதில் அனுப்ப வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை.

அதற்கு முந்திய ஞாயிறு, மாதா கோவில் பூசை முடிந்து வந்த கையோடு, டிலக்சி தன் மொழி ஆசிரியையை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தாள். பெயர் நிங்சி. அவர்களுடைய வழக்கப்படி 'இபு நிங்சி'. இபு என்றால் அம்மா, கூப்பிடும்போது சுருக்கமாக 'பு'. ஐம்பது வயதிருக்கும், இளம்பச்சை முக்காடு, சிரித்த முகம். அப்பாவை மசிய வைக்கத்தான் அந்த அம்மா வருகிறார் என்பது அருமைநாதனுக்கு விளங்காமல் இல்லை. கத்தரின் மீன் சொதியும் கணவாய்ப் பிரட்டலும் வைத்திருந்தாள். விருந்தாளி கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் குழைத்துச் சாப்பிடத் தொடங்கியதும் கத்தரின் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

இபு நிங்சி ஆங்கிலத்தில் விளக்கினார்: மகள் தங்கப்போகிற குடும்பம் நல்ல குடும்பம், வகுப்புக்கு நடந்தே போகலாம், கோவிலும் கிட்ட இருக்கிறது. அருமைநாதன் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் அந்த அம்மா டிலக்சியின் பக்கம் குனிந்து, தன் மொழியில் மெதுவாகக் கேட்டார்: "உன் அப்பாவுக்குக் கோபமா?"

"கோபமில்லை, பு. பயம்," என்றாள் டிலக்சி, அதே மொழியில். உச்சரிப்பு திறமாக வந்திருந்தது. அருமைநாதன் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

அப்போதுதான் இபு நிங்சிக்கு முள் தைத்தது. மனுஷி பேச்சை நிறுத்தி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணிரண்டும் கலங்கி, முகம் சிவந்துவிட்டது. கத்தரின் தண்ணீருக்கு ஓடினாள். டிலக்சி முதுகைத் தடவினாள். அருமைநாதன் எழும்பி, சட்டியிலிருந்து வெறும் சோறு எடுத்து, தேசிக்காய் அளவில் இறுக்கி உருட்டி அந்த அம்மாவின் கையில் வைத்தார்.

"தெலான், பு. ஜாஙான் டிகுன்யா. தெலான் சஜா."

விழுங்குங்கள் அம்மா, சப்ப வேண்டாம், அப்படியே விழுங்குங்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் சொல்லக்கூடாத வைத்தியம். இபு நிங்சி சொன்னபடி விழுங்கினார். இன்னொரு உருண்டை கொடுத்தார். அதோடு முள் இறங்கிவிட்டது. அந்த அம்மா மூச்சு விட்டார், கண்ணைத் துடைத்தார், பிறகு அருமைநாதனை நிமிர்ந்து பார்த்தார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கத்தரின் தண்ணீர்க் கிளாசோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எங்கே பழகினீர்கள்?" என்று இபு நிங்சி தன் மொழியில் கேட்டார்.

"சிங்கப்பூர்," என்றார் அருமைநாதன்.

பேச்சைக் கேட்டு ஆள் எந்த ஊரில் பழகினவர் என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஆசிரியை அவர். அது சிங்கப்பூர்ப் பேச்சு அல்ல என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அருமைநாதனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அருமைநாதனுக்கு அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. மகளின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

மூன்று மணிக்கு அவரும் டிலக்சியும் விருந்தாளியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இபு நிங்சி படியேறி மறைந்த பிறகும் அவர் காரை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"சிங்கப்பூர் இல்லை," என்றார்.

"தெரியும் அப்பா."

பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லுகிற பிள்ளை அன்று தமிழில் பேசினாள். அவருக்கு அது இன்னும் கலக்கமாக இருந்தது.

"எப்ப தொடக்கம்?"

"எங்க இருந்தனீங்கள் எண்டு சரியாத் தெரியாது. சிங்கப்பூர் இல்லை எண்டு கன காலமாத் தெரியும்." அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள் நித்திரையில கதைக்கிறனீங்கள் அப்பா. வந்த புதிசில மூண்டு பேரும் ஒரே அறையிலதானே படுத்தனாங்கள். நேரா நிமிர்ந்து படுத்துக்கொண்டு, கையை ரெண்டு பக்கமும் வச்சுக்கொண்டு, திருப்பித் திருப்பி ஒண்டைத்தான் சொல்லுவீங்கள். அம்மாட்டக் கேட்டனான். அப்பா செபம் சொல்லுறார், நீ படு எண்டவ."

பன்னிரண்டு வருடமாகக் கத்தரின் இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் படுக்கவே பயந்திருப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன சொல்லுறனான்?"

டிலக்சி அவர் பக்கம் திரும்பினாள். "கம்பஸ் ஓப்பின் டேக்குப் போனன் எல்லோ. ஒவ்வொரு மொழிக்கும் அரை மணித்தியாலம் சும்மா ஒரு வகுப்பு வச்சவை. நான் கொரியனுக்குத்தான் லைன்ல நிண்டனான். பக்கத்து அறையில இபு நிங்சி பெயர் கூப்பிட்டுக்கொண்டு இருந்தவ. வந்த ஆக்கள் ஒவ்வொருத்தரா, ஹாடிர் பு, ஹாடிர் பு எண்டு சொல்லிச்சினம். நீங்கள் சொல்லுறது ஹாடிர், பாக்."

இருக்கிறேன், ஐயா. பெயர் கூப்பிட்டால் சொல்ல வேண்டிய பதில்.

"அப்பா லைன்ல நிண்டு அப்பிடிச் சொன்ன இடம் பள்ளிக்கூடமா இருக்காது எண்டு எனக்கு விளங்கிச்சு. கொரியன் லைனை விட்டுட்டு அந்த அறைக்குள்ள போய் இருந்தனான்."

"அதுக்காகவே இந்தப் படிப்பை எடுத்தனி?"

"மொழி அதுக்காக. மற்றதெல்லாம் பிறகு பிடிச்சுப்போச்சு."

இத்தனை வருடமும் அவர் மகளிடமிருந்து ஒளித்துக்கொண்டு நிற்க, மகள் அவரைத் தேடிக்கொண்டு அந்த மொழிக்குள் வந்திருக்கிறாள். கோப்பை கழுவுகிற முதுகுக்குப் பின்னால் இருந்து சத்தமாகப் பாடம் சொன்னது யாருக்குக் கேட்கவென்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சத்தமாச் சொல்லுறனானோ?"

"இல்லை. மெல்லமா. சரியான மரியாதையா."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். "காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா எண்ணுவாங்கள். மழையெண்டாலும் லைன்ல நிக்கோணும். பெயர் கூப்பிடுறேல்ல, நம்பர். நான் நூற்றிப் பதினாலு. சோறு உருட்டிக் குடுக்கிற வைத்தியம் அங்க சமைக்க வாற மனிசி காட்டினது. எங்களுக்கு ஒளிச்சுப் பச்சைமிளகாய் கொண்டுவந்து தாறவ." அதைச் சொல்லும்போது அவரை அறியாமல் சிரிப்பு வந்தது. டிலக்சியும் சிரித்து மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "இதெல்லாம் உன்ர கட்டுரையில வருமோ பிள்ளை?"

"வராது. நீங்கள் ஓம் எண்டு கையெழுத்து வச்சுத் தந்தாத்தான் எழுதலாம். நான் அதைக் கேக்கமாட்டன். நீங்கள் எனக்கு அப்பா."

ஒரு ரயில் வந்து நின்று, போனது.

"ஆனா வேற ஒண்டு கேக்கோணும்," என்றாள். "அங்க ஒவ்வொரு நாளும் வகுப்பில பெயர் கூப்பிடுவினம். இஞ்ச இபு நிங்சி கூப்பிடேக்க நான் கையை மட்டும்தான் உயர்த்துறனான். ரெண்டு வருசமா அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை. அது உங்கட சொல்லு, எனக்கு வாய் வரேல்ல. அங்க போனாச் சொல்லத்தான் வேணும். அதுதான் நீங்கள் ஓம் எண்டாத்தான் போவன் எண்டனான். நான் சொல்லலாமா அப்பா?"

அருமைநாதன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். மகளின் தலையில் கையை வைத்தார்.

"சொல்லு பிள்ளை," என்றார். "உன்னைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுவினம். நல்லாச் சத்தமாச் சொல்லு."