ஒரு விரல் உயரம்

எங்கள் கடையில் அரியணை வாடகைக்குக் கிடைக்கும். சிறைக் கதவு, முதுகு மட்டும் உள்ள புத்தகங்கள் அடுக்கிய வக்கீல் அலமாரி, பணக்கார மாமனார் கோபத்தில் போட்டு உடைக்கும் டெலிபோன் என்று சினிமாவுக்கு வேண்டிய அத்தனை சாமானும் உண்டு. தேர்தல் வந்தால் சினிமா கொஞ்சம் படுத்துக்கொள்ளும். அரசியல் எழுந்து வந்து எங்கள் கதவைத் தட்டும். இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சினிமாக்காரர்கள் சாமானைத் திருப்பிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த முறை தட்டியவர் தலைவர். எங்கள் தொகுதி வேட்பாளர். அதைவிட முக்கியம், எங்கள் கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர். குத்தகை முடியப்போகிறது, தேர்தல் ஆனதும் கடையை இடித்துவிட்டுக் கட்சி அலுவலகம் கட்டுவேன் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். இத்தனை அரியணைகளையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று நான் வீட்டில் புலம்பியபோது, "இங்க மட்டும் கொண்டு வராதீங்க. ஒரு ராஜாவோட குடும்பம் நடத்தறதே எனக்குப் போதும்" என்றாள் என் மனைவி.

தலைவர் விஷயத்துக்கு வந்தார்.

"சனிக்கிழமை கூட்டம். ஸ்டார் வந்து என்னை ஆதரிச்சுப் பேசறார். மேடையில ரெண்டே நாற்காலி. ராஜா நாற்காலி. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "என்னுது ஒரு விரல் உசரமா இருக்கணும். அவருக்குத் தெரியக் கூடாது. ஜனங்களுக்குத் தெரியணும்."

"செஞ்சுடலாம் தலைவரே. அந்தக் குத்தகை...?"

"கூட்டம் நல்லபடியா நடக்கட்டும். கட்டடம் எங்க ஓடிடப் போகுது?"

"கட்டடம் ஓடாது தலைவரே. நான்தானே ஓடணும்?"

சிரித்துவிட்டார். எதிராளி சிரித்தால் பாதி பேரம் படிந்த மாதிரி. மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லும்.

அவர் கார் திரும்புவதற்குள் ஸ்டாரின் மேனேஜர் வந்தார். கடைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் சிறைக் கதவில் முட்டிக்கொண்டு, அதையே பிடித்தபடி பேசினார்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும்னு எங்க சார் பெருந்தன்மையா சொல்லிட்டார். ஆனா அவரோடது ஒரு விரல் உசரமா இருக்கணும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா சனிக்கிழமை சாருக்கு ஜுரம் வரும்."

ஸ்டாருக்கு ஜுரம் வந்தால் கூட்டத்துக்கு ஆள் வராது. ஆள் வராவிட்டால் என் குத்தகைக்கு ஜன்னி கண்டுவிடும். அவருக்கும் தலையாட்டினேன்.

"ஒரே சரக்கை ரெண்டு பேருக்கு வித்துட்டு வந்து நிக்கறீங்க!" என்றாள் மனைவி. காய்கறி நறுக்கிக்கொண்டே அவள்தான் வழியும் சொன்னாள். "தலைவருக்கு உக்கார்ற பலகையை ஏத்துங்க. ஸ்டாருக்குச் சாயற முதுகை ஏத்துங்க. ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

வேலை என் மச்சானிடம் போனது. மனைவியின் தம்பி, கடையின் தச்சனும் பெயிண்டரும் அவன்தான். ஒரு வேலையைச் சுலபத்தில் தொடங்க மாட்டான். தொடங்கினால் நிறுத்த மாட்டான். எங்களிடம் ஒரே அச்சில் மூன்று ராஜா நாற்காலிகள் உண்டு. இரண்டு உட்காருவதற்கு. மூன்றாவது சண்டைக் காட்சியில் வில்லன் மேல் போட்டு உடைப்பதற்கு. தக்கை மாதிரி மரம். மூட்டுகளை முக்கால்வாசி அறுத்து வைத்திருப்போம். குழம்பிவிடக் கூடாதென்று அதன் அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

சனிக்கிழமை மைதானம் வழிந்தது. மேடை ஓரத்தில் நானும் மச்சானும் நின்றோம். நடுவில் இரண்டு நாற்காலிகளும் தகதகவென்று ஜொலித்தன.

"எப்படி மாமா? நிறம் ஒத்துப்போகணும்னு மூணுக்குமே தங்க பெயிண்ட் அடிச்சுட்டு, அதுல ரெண்ட எடுத்துப் பலகையும் முதுகும் ஏத்தினேன். யாராவது குனிஞ்சு பாத்தாக்கூட வித்தியாசம் தெரியாது. அடியிலயும் அடிச்சிருக்கேன்."

"அடியிலயுமா? புள்ளி?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஒண்ணு தூக்கறப்போ லேசாத்தான் இருந்துது மாமா. காலையில நல்லா சாப்பிட்டோமே, அதான் போலன்னு நெனச்சேன்."

எது என்று கேட்பதற்குள் ஸ்டார் மேடையேறி, சினிமாவில் உட்காருகிற மாதிரியே தடாலென்று நாற்காலியில் விழுந்து, கால்மேல் கால் போட்டார். நாற்காலி அசையவில்லை. அப்படியென்றால்...

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். கடைக்கண்ணால் ஸ்டாரின் தோளைப் பார்த்தார். தன் தோள் ஒரு விரல் மேலே இருந்தது. முகமெல்லாம் மலர்ந்து, மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, திருப்தியாகப் பின்னால் சாய்ந்தார்.

மடமடவென்று சத்தம். அரியணை விறகாகிப் போனது.

கூட்டம் "ஐயோ!" என்றது. ஸ்டார் பழக்கதோஷத்தில் துள்ளியெழுந்து, கைகளை விரித்துக்கொண்டு வில்லனைத் தேடினார். யாரும் அகப்படாததால் பூச்சட்டியை ஓர் உதை விட்டு, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் கண்ணுக்குக் கடை இடிகிற புழுதியே தெரிந்தது.

தலைவர் மட்டும் மைக்கை விடவில்லை. மல்லாந்த நிலையிலேயே முழங்கினார்.

"பாத்தீங்களா மக்களே! எனக்கு நாற்காலியே வேண்டாம்! உங்க காலடி போதும்!"

மைதானம் அதிர்ந்தது. தூக்கிவிட வந்த தொண்டனை அவர் காலாலேயே தள்ளினார். பேச்சு முழுவதையும் தரையில் உட்கார்ந்தே பேசினார். சிலர் அழுதார்கள். ஸ்டாரை அதன்பின் யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தலைவர் நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தார். மச்சான் சிறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"யாருய்யா அந்த நாற்காலியைச் செஞ்சது?"

"என் மச்சான் தலைவரே. சின்னப் பையன், தெரியாம..."

"இன்னும் பத்து செஞ்சு கொடுக்கச் சொல்லு. இனிமே எல்லாக் கூட்டத்துலயும் விழறேன்."

என் நெஞ்சு துள்ளியது. முகத்தில் காட்டுவேனா? பெரிய பெருமூச்சாக ஒன்று விட்டேன்.

"கஷ்டம் தலைவரே. உக்காந்ததும் ஒடியக் கூடாது, ஜனம் பாக்கறப்போ ஒடியணும். நுணுக்கமான வேலை. இந்தச் சுவரோட ஈரத்துலதான் மரம் அந்தப் பதத்துக்கு வருது. வேற எடத்துக்குப் போனா ஒடியவே ஒடியாது."

தலைவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "அஞ்சு வருஷம் குத்தகை போட்டுக்கறியா?"

"அஞ்சு வருஷம் கழிச்சு அடுத்த தேர்தல் வருமே தலைவரே. அப்போ விழ வேண்டாமா?"

என்னையே பார்த்தார். "நீ எந்தக் கட்சிய்யா?"

"வாடகைக் கட்சி தலைவரே."

பத்து வருஷத்துக்குக் கையெழுத்தானது. அவர் படியிறங்கிய மறுநிமிஷமே மேனேஜர் உள்ளே வந்து, அதே கதவில் அதே இடத்தில் முட்டிக்கொண்டார்.

"எங்க சாருக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும். ஆனா அவர் தலைவரைவிட ஒரு விரல் உசரத்துல இருந்து விழணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து மச்சான் தலையை நீட்டினான்.

"இந்தத் தடவ புள்ளி வைக்கணுமா, வேண்டாமா மாமா?"