எர்த் குழியின் மேல் ஒரு கெபி

தைரியநாதனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீசியன். நான் இன்னாசியம்மாள், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆவூருக்கும் விராலிமலைக்கும் நடுவில், பாறை மேல் கட்டிய ஆஸ்பத்திரி எங்களுடையது. கரண்ட் வந்த நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் ஆகாது.

காரணம் தியேட்டர் விளக்கு. சக்கரம் வைத்த இரும்புக் கம்பத்தில் பெரிய தட்டு மாதிரி தொங்கும். டாக்டர் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "லைட்டை இங்கிட்டுத் தள்ளு" என்பார். தள்ளுகிறவள் நான். கம்பத்தைத் தொட்டால் விரலிலிருந்து முழங்கைவரை ஜிவ்வென்று ஏறும். தைரியநாதனிடம் சொன்னேன். சூட்டில் வயர் வெந்துபோகிறது என்று வயரை மாற்றினான். இரண்டே மாதத்தில் அதுவும் வெந்தது. மறுபடி சொன்னபோது ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டான். "இது மேல நின்னு தள்ளுங்க நர்சம்மா, ஒண்ணும் செய்யாது" என்றான். நான் என்ன கல்யாணப் பெண்ணா, மணையில் ஏறி நிற்க?

விஷயம் வயரில் மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். இரும்பில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட ஒரு செம்புக் கம்பி உண்டு. எர்த் என்பார்கள். அந்தக் கம்பி போய்ச் சேருகிற குழியில் கரியும் உப்பும் போட்டு, தினமும் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். எங்கள் வளாகத்தில் எங்கே தோண்டினாலும் இடுப்பளவில் பாறை தட்டும். மண் இருந்தது தியேட்டருக்குப் பின்னால் ஒரே ஓர் இடத்தில்தான். அங்கேதான் குழி. தைரியநாதன் தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றி, சுற்றிலும் கட்டாந்தரையாய்க் கிடக்க, அந்த இடம் மட்டும் புல் முளைத்துப் பச்சைப்பசேல் என்று இருந்தது.

அந்தச் சமயத்தில் அவன் மகன் சந்தனராஜுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூன்று வயதுப் பிள்ளை, மூச்சு விடமுடியாமல் நீலம் பாரித்துவிட்டான். பிழைத்தால் மாதா சுரூபம் வைக்கக் குகை மாதிரி ஒரு கெபி கட்டுகிறேன் என்று தைரியநாதன் நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தது. கெபியை எங்கே கட்டுவது என்று கேட்டபோது, ஆஸ்பத்திரியை நடத்துகிற மதர் வளாகம் முழுக்கச் சுற்றிப்பார்த்துவிட்டு, "மாதாவே பச்சையா ஒரு எடம் காட்டியிருக்காளே, இங்கதான்" என்றார்கள். அது எர்த் குழி என்று சொல்ல வேண்டியவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில், மாதா கேட்ட இடத்தை மறுக்க அவனுக்குப் பயம். கல்லும் சிமெண்டுமாகக் கட்டி முடித்து, தண்ணீர் ஊற்றப் பீடத்தில் ஒரு குழாய் மட்டும் விட்டு வைத்தான். எங்கள் சனம் சும்மா இருக்குமா? மெழுகுவர்த்தி நட்டுவைக்கத் தோதான துவாரம் என்று அதில் வரிசையாக நட்டார்கள். ஒரே மாதத்தில் மெழுகு உருகிக் குழாய் அடிவரைக்கும் அடைத்துக்கொண்டது. குழி காய்ந்தது. ஒரு எர்த் போதாது, இரண்டாவதும் போடுங்கள் என்று சர்க்கார் இன்ஸ்பெக்டர் அதற்கு முந்தின வருஷமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் இருந்த ஒன்றையும் மூடிவிட்டு அதன்மேல் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபரேஷனில் டாக்டர் விளக்கைத் தள்ளச் சொன்னார். கழுவிவிட்ட ஈரத்தரை. வேறு வழியில்லாமல் மணைமேல்தான் நின்றிருந்தேன்; ஒரு கால் பலகையை விட்டு இறங்கிவிட்டது. கம்பம் என் கையைக் கவ்விக்கொண்டது. விட நினைக்கிறேன், விரல் கேட்கவில்லை. கால் வழுக்கி நான் விழுந்ததால் பிழைத்தேன். முழங்கை வீங்கிப்போயிற்று. அன்றைக்கே தைரியநாதனைப் பிடித்து உலுக்கியபோதுதான் அவன் மெழுகுக் கதையைச் சொன்னான். "பீடத்த ஒடைச்சாத்தான் வழி. நான் ஒடைக்க மாட்டேன்" என்றான்.

அடுத்த ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை. கொடும்பாளூர்ப் பக்கத்துக் காத்தாயி, வயிற்றில் கட்டியோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வரவேண்டியதுதான் பாக்கி. நான் மதரிடம் போய், கெபிக்கு அடியில் எர்த் குழி காய்ந்துகிடப்பதைச் சொல்லி, அதை உடைக்கிறவரை விளக்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"தொடலேன்னா?"

"தொட்டா செத்துருவேன் மதர்."

"விசுவாசம் இல்லாத பேச்சு. மாதா காவல் இருக்கற கட்டடம் இது. இஷ்டம் இல்லேன்னா பெட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்பு."

எனக்குப் போக்கிடம் இல்லை என்று தெரிந்துதான் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வராந்தாவில் நின்ற தைரியநாதனைக் கூப்பிட்டு மதரையும் தியேட்டருக்குள் அழைத்துப் போனேன். விளக்கைப் போட்டேன். பலகையைக் காலால் எத்தித் தள்ளினேன்.

"இவரு கட்டுன கெபிதானே? மாதா மொதல்ல இவரத்தான் காப்பாத்தணும். வெறுங்காலோட நின்னு கம்பத்தப் பிடிக்கச் சொல்லுங்க, மதர். பிடிச்சுட்டா நானும் பிடிக்கிறேன்."

தைரியநாதன் என்னைப் பார்த்த பார்வையில் ஈரமே இல்லை. கை மட்டும் கம்பத்துக்கு நீளவில்லை.

"பிடி தைரியநாதா" என்றார்கள் மதர்.

அவன் சுவரோரமாய் நகர்ந்தான்.

"ரெண்டு பேருக்கும் விசுவாசம் இல்ல. நான் பிடிக்கறேன்." மதர் செருப்பைக் கழற்றினார்கள். ஆபரேஷனுக்காகக் கழுவிவிட்டிருந்த ஈரத்தரையில் நின்று கையை நீட்டினார்கள். நான் இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை.

"தொடாதீங்க மதர்!" என்று அலறிக்கொண்டு தைரியநாதன் பாய்ந்து மெயின் சுவிட்சை இழுத்தான். விளக்கு அணைந்தது, காற்றாடி நின்றது. மதரின் விரல் கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மெதுவாகக் கையை இழுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்கள்.

"அப்ப ஒனக்குத் தெரியும்" என்றார்கள் அவனிடம். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "போய் ஒடை."

கெபியிலிருந்த மாதா சுரூபத்தை எடுத்து வார்டு வராந்தாவில் வைத்தார்கள். தைரியநாதன் கடப்பாரையை எடுத்தான். அவன் பெண்சாதி வியாகுலமேரி, சந்தனராஜை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்து பீடத்தை மறித்து நின்றாள். "புள்ளைக்கு நேந்தது இது. இடிக்காதீங்க" என்று அழுதாள். அவன் அவளை விலக்கிவிட்டு இடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சமையற்கட்டிலிருந்து வந்த பெண்கள் என்னைப் பார்த்துத் தரையில் துப்பினார்கள். துப்பட்டும் என்று நின்றேன்.

குழி திறந்ததும் கல்லுப்பைக் கொட்டி, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினான். காய்ந்த மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. விளக்குக்கும் புது வயர் மாற்றி, கைராட்டை போல் சுற்றுகிற மீட்டரை வைத்து இருமுறை சோதித்தான். பிறகு மெயினைப் போட்டுவிட்டு தியேட்டருக்குள் வந்தான். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். தைரியநாதன் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தான். அதில் வெறுங்காலோடு நின்று, எரிகிற விளக்கின் கம்பத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தான். ஒன்றும் ஆகவில்லை. பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தான்.

"இனிமே நீங்க சாக மாட்டீங்க நர்சம்மா" என்றான். "என் புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா, அன்னிக்கு ஒங்க வாசல்லதான் கொண்டாந்து போடுவேன்."

அன்று காத்தாயியின் கட்டியை எடுத்தோம். டாக்டர் சொன்ன பக்கமெல்லாம் விளக்கைத் தள்ளினேன். கையில் ஜிவ்வென்று எதுவும் ஏறவில்லை. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் யாரும் என்னோடு ஒரு பந்தியில் உட்காருவதில்லை. நான் மட்டும் தினமும் கோயிலில் முழந்தாளிட்டு, சந்தனராஜுக்குக் காய்ச்சல்கூட வரக்கூடாது என்று மாதாவிடம் ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லிவிட்டு வருகிறேன். அவன் அப்பனுக்காகச் சொல்வதில்லை.