கடைசிக் குழாய்

சோதனைத் திரவத்தின் ஐந்தாவது சொட்டும் விழுந்து கரைந்தது. கண்ணாடிக் குப்பியில் இருந்த தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

மருமகள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ரோஸ் நிறம் மருந்துக்கும் இல்லை. கொட்டிவிட்டு, குப்பியை மூன்று முறை அலசி, மறுபடி குழாயில் பிடித்து, மறுபடி ஐந்து சொட்டு விட்டாள். மாமனார் அப்படித்தான் செய்வார். முதல் தடவை காட்டுவது சந்தேகம், இரண்டாம் தடவை காட்டுவதுதான் சேதி என்பார்.

இரண்டாம் தடவையும் அதே வெளுப்பு.

கூடத்தில் மாமனார் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். விடியற்காலையில், யாரையும் எழுப்பாமல் போய்விட்டார். வாசலில் நகரமன்றத் தலைவர் மைக்கைப் பிடித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

"அன்னார் நமக்குத் தந்தது வெறும் தண்ணீர் அல்ல. தியாகம்!" என்றார் தலைவர். பிறகு கையிலிருந்த கடைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்து மூடினார். தியாகத்தைக் குடித்துப் பார்க்க அவருக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

வந்தவர்களுக்கு டீ போடத்தான் அவள் சமையலறைக்குள் வந்திருந்தாள். தண்ணீர் கொதித்து ஆவி முகத்தில் அடித்தபோதுதான் என்னவோ குறைந்தது. குளோரின் வாசனை. கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருஷமும் அவள் திட்டிய வாசனை. "மாமா, இது டீயா, ஆஸ்பத்திரிக் கஷாயமா?" என்று கேட்பாள். "வாசனை வந்தா குடி, வரலைன்னா கொட்டு" என்பார் அவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்று வரவில்லை.

நீரேற்று நிலையத்தில் ஒரு கருவி உண்டு. தண்ணீரில் எவ்வளவு குளோரின் மருந்து கலந்திருக்கிறது என்று சிவப்பு எண்ணில் காட்டும். போன வருஷம் தலைவர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த அன்று காட்டிய எண்ணையே இன்றுவரை காட்டிக்கொண்டிருந்தது. கொள்கைப் பிடிப்புள்ள கருவி. ஆகவே ஊழியர்கள் அதை நம்புவதில்லை. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்று ஆறு வருஷமான பிறகும் கிழவர் தினமும் காலை ஏழு மணிக்கு இந்தச் சமையலறைக் குழாயில் சொட்டு விட்டு, மருந்து இருந்தால் வரும் ரோஸ் நிறத்தைப் பார்த்து ஃபோன் செய்வார். அதை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஊரில் அவர் பெயரே 'சொட்டு'.

கடைசி இரண்டு வருஷமாக அவருக்கு நிறம் தெரியவில்லை. இது மருமகளுக்கு மட்டுமே தெரியும். குப்பியை அவள் கண்ணுக்கு நேரே நீட்டுவார்.

"என்னம்மா கலர்?"

"ரோஸ் மாமா."

"சின்ன ரோஸா, பெரிய ரோஸா?"

"சின்னது."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஊரே குடிக்குது."

இன்று காலை ஏழு மணிக்கு யாரும் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. அவள் மறந்துவிட்டாள். இப்போது மணி பத்தரை.

கணவன் எட்டிப் பார்த்தான். "இங்க என்ன பண்றே? தலைவர் பேசிட்டிருக்காரு, நீ குப்பி கழுவிட்டிருக்கே."

"ஏங்க, தண்ணில மருந்து இல்லைங்க."

"இன்னிக்குமா அது? அப்பா போயே போயிட்டாரு."

"அதாங்க. அவரு போயிட்டாரு. தண்ணி வந்துட்டுத்தானே இருக்கு."

அவள் வாசலுக்கு வந்தாள். முதல் வரிசையில் கைகட்டி நின்ற ஆப்பரேட்டரைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் உதவியாள், வால்வு திறப்பவர், ஃபிட்டர், காவலாளி. எல்லோரும் தலை வாரி, துவைத்த சட்டை போட்டிருந்தார்கள்.

"தம்பி, அங்க யாரு இருக்கா?"

"எங்கக்கா?"

"பம்ப் ஹவுஸ்ல."

ஆப்பரேட்டர் உதவியாளைப் பார்த்தான். உதவியாள் ஃபிட்டரைப் பார்த்தான். ஃபிட்டர் காவலாளியைப் பார்த்தான். காவலாளிக்குப் பார்க்க ஆளில்லை.

"ஐயா சாவுக்கு வராம இருக்க முடியுமாக்கா? ராத்திரி ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் எல்லாருமே வந்துட்டோம்" என்றான் ஆப்பரேட்டர். அப்புறம் அவன் முகம் மாறியது. "மருந்து டேங்க்... விடிய மாத்தணும்னு நெனச்சேன்."

ஆற்றில் நாலு நாளாகப் புதுவெள்ளம். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு வெள்ளத்தில்தான் இந்த ஊரில் பதினாலு பேர் வயிற்றுப்போக்கில் செத்தார்கள். அதில் ஒன்பது குழந்தைகள். அதற்கடுத்த மாதம் சொட்டு வேலைக்குச் சேர்ந்தார். அதன்பின் ஒருவரும் சாகவில்லை. நடந்ததற்குத்தான் ஊர் கல்வெட்டு வைக்கும். நடக்காமல் போனதற்கு எங்கே வைப்பது?

"அன்னாரின் ஆன்மா..." என்று தலைவர் தொடங்கியிருந்தார். மருமகள் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்றும் பிறகு சொன்னார்கள்.

"யாரும் குழாய்த் தண்ணி குடிக்காதீங்க. மருந்து கலக்காத தண்ணி வருது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உடனே ஃபோன் போடுங்க. காலைல பிடிச்சு வச்சதெல்லாம் கொட்டிருங்க."

வாசலில் டீ கிளாஸைப் பிடித்திருந்த கைகள் அப்படியே நின்றன.

"அது காய்ச்சுனது. அதைக் குடிக்கலாம்" என்றாள்.

துவைத்த சட்டைகள் ஐந்தும் இரண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறந்தன.

சவ வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு எடுக்கணும்னாங்களே?"

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். கணவரின் காலடியில் உட்கார்ந்தபடியே அவள் சொன்னாள்.

"தண்ணி சரியில்லாத அன்னிக்கு இந்த மனுஷன் என்னிக்காவது வீட்டை விட்டுக் கிளம்பியிருக்காரா? கலர் வரட்டும். அப்புறம் எடுங்க."

பன்னிரண்டேகாலுக்கு ஆப்பரேட்டர் ஃபோன் செய்தான். "மேட்டுத் தொட்டி வாயிலேயே மருந்து விட்டாச்சுக்கா. ஆனா உங்க வீட்டுக்கு வந்து சேர நாலு மணி நேரம் ஆகும்."

"ஏன் அவ்வளவு?"

"உங்களுதுதானேக்கா கடைசிக் குழாய். ஐயா தேடிப் பிடிச்சு வாங்கின வீடாச்சே. இங்க ரோஸ் வந்தா ஊர் பூரா வந்தாச்சுன்னு அர்த்தம்பாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நூல் மாதிரி தண்ணீர் வருகிற வீட்டை வாங்கிய மனுஷன் என்று பன்னிரண்டு வருஷம் முணுமுணுத்திருக்கிறாள். ஊரில் எல்லோரும் குடித்த பிறகு குடிக்கிற இடத்தில் அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"வேகமா வரவைக்க வழி இல்லையா?"

"உங்க தெருவுல எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்க. இழுத்துட்டு வந்துரும்."

அவள் சொன்னதும் எதிர்வீட்டுக்காரர் தயங்கினார். "ஒரு சொட்டு வீணானாலும் சண்டைக்கு வருவாரேம்மா."

"இன்னிக்கு வரமாட்டாரு. திறங்க."

ஒரு வீட்டில் குழாய் திறந்தது. பிறகு அடுத்த வீட்டில். பாத்திரம் கழுவும் குழாய், குளியலறைக் குழாய், தோட்டத்துக் குழாய். இருபத்திரண்டு வீடுகளிலிருந்தும் ஒரே சமயத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் எழுந்து தெருவை நிரப்பியது. தலைவர் பேசியபோது நெளிந்துகொண்டிருந்த கூட்டம் இப்போது யாரும் சொல்லாமலே எழுந்து நின்றது.

ஊழியர்கள் ஆளுக்கொரு குப்பியோடு வழியில் நின்றிருந்தார்கள். ஃபோன் வந்தது. "ஆஸ்பத்திரி முக்குல ரோஸ்." கணவன் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னான். இருபது நிமிஷம் கழித்து: "பள்ளிக்கூடத்துல வந்துருச்சு." பிறகு பஸ் நிலையம். பிறகு மாவு மில்.

காலுக்கடியில், தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் கீழே, இருட்டில் அது நடந்து வந்துகொண்டிருந்தது. முப்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு நாளும் இப்படித்தான் வந்திருக்கிறது, இத்தனை பேர் தூங்கும்போதும் சண்டை போடும்போதும் திட்டும்போதும். மருமகள் சமையலறைக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இரும்பு அதிர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"தெருமுனையில ரோஸ்" என்றான் கணவன்.

தலைவர் சமையலறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பாட்டில் கையில் இல்லை.

அவள் குப்பியில் பிடித்தாள். ஐந்து சொட்டு. தண்ணீருக்குள் ஒரு இழை சுருண்டு இறங்கி, விரிந்து, குப்பி முழுக்கப் பரவியது. கொட்டினாள். மூன்று முறை அலசினாள். மறுபடி ஐந்து சொட்டு.

குப்பியோடு கூடத்துக்குப் போனாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மாமனார் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"ரோஸ் மாமா" என்றாள். பிறகு குப்பியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, நன்றாகப் பார்த்துவிட்டு, "சின்ன ரோஸ்."

மாமியார் தலையசைத்தாள். வண்டிக்காரர் எழுந்தார். தெருவில் ஒவ்வொரு வீடாகக் குழாய்களை மூடிக்கொண்டே வந்தார்கள். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து இந்த வீடுவரை வந்து நின்றது.

மருமகள் தன் வீட்டுக் குழாயை மூடினாள். அது சரியாக மூடியிருக்கிறதா என்று அடியில் விரலை வைத்துப் பார்த்தாள்.