ஒன்பது நொடிக் குரல்

என் கணவர் தெட்சுரோவின் குரல் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. எங்கள் மகள் ஹினாகோ ஒன்பது வயதில் வைத்து விளையாடிய கையடக்க கேம் மெஷினில். அதில் பேச்சைப் பதிவு செய்கிற வசதி ஒன்று உண்டு. திரையில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கும். பத்து நொடி வரை எதைப் பேசினாலும் திருப்பிச் சொல்லும்.

சகாதா துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் மீன் ஏலம் கூவியவர் அவர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதித்தான் பேசுவார். வேறு பதிவே இல்லையா என்று கேட்பீர்கள். வீட்டு வீடியோ எல்லாம் எடுத்தது அவர்தான். எடுக்கிறவன் பேசினால் படம் கெட்டுவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டு எடுப்பார். ஊரையே கூவி எழுப்பிய மனிதருக்கு அங்கே மட்டும் அத்தனை ஒழுக்கம். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கிளியிடம் அவர் சொல்லி வைத்ததும் பெரிய விஷயம் இல்லை. "ஹினாகோ, தொட்டித் தண்ணி ஆறுது, நீ முதல்ல போய்க் குளி. உங்கம்மா போனா பொழுது விடிஞ்சிரும்." பின்னால் மகளின் சிரிப்பு. மொத்தம் ஒன்பது நொடி. அவர் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போகும் நாட்களில் அதைப் போட்டுக் கேட்பேன். அவர் எதிரில் கேட்க மாட்டேன். குரல் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

டிசம்பர் கடைசி வாரம், சென்டாயில் வேலை பார்க்கும் ஹினாகோ போன் செய்தாள். எங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அவரும் கேட்க வேண்டுமே.

"அம்மா, என் கேம் மெஷின்ல இருக்கிற மெமரி கார்டு ரொம்பப் பழசு, சின்னதும் கூட. பெரிய கார்டா ஒண்ணு வாங்கி அதுக்கு எல்லாத்தையும் மாத்தி வைக்கறியா? லீவுல வந்து விளையாடணும்."

"இருபத்திமூணு வயசாகுது. இன்னும் விளையாட்டா?"

"ஆரம்பிச்சிட்டியா! ஒண்ணும் விட்டுப் போகாம மாத்தும்மா. உனக்குச் செய்யத் தெரியுமா?"

"நானூறு பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல சமைச்சுப் போடறவ நான். ஒரு கார்டை மாத்தத் தெரியாதா?"

கடைக்காரப் பையன் தாளில் எழுதிக் கொடுத்தபடியே செய்தேன். பழைய கார்டைக் கம்ப்யூட்டரில் செருகியதும் மூன்று ஃபோல்டர்கள் தெரிந்தன. ஒன்றில் மெஷினின் பெயர். ஒன்றில் புகைப்படங்கள். மூன்றாவதன் மேல் 'தனிப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அங்கேதான் என் கை நின்றது. அவள் பள்ளியில் படிக்கும்போது ஒரு தரம் அவள் டைரியைப் படித்து மாட்டிக்கொண்டேன். நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. உன் சொந்த விஷயத்தை இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் என் கையால் சோறு வாங்கினாள். இதுவும் அந்த மாதிரி எழுத்துதான், ஏதோ ஒரு பையனுக்கு எழுதிய கவிதையாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். முதல் இரண்டை மட்டும் மாற்றினேன். அவளுக்கு வேண்டியது விளையாட்டுத்தானே.

பழைய கார்டு மிச்சம். வருடக் கடைசிப் பெருந்துப்புரவு நடந்துகொண்டிருந்தது, பழசு எதுவும் வீட்டில் தங்கக் கூடாது. வீட்டுக்கு வீடு கைமாறி வரும் தெரு அறிவிப்பு அட்டையும் அன்று காலைதான் வந்திருந்தது. பழைய மின்சாமான்களைச் சனிக்கிழமை பகலுக்குள் பொது மண்டபப் பெட்டியில் போடவும், அதற்கு முன் சொந்தத் தகவல்களை முழுவதும் அழிக்கவும் என்று சிவப்பில் இருந்தது. அறிவிப்பில் இருப்பதை அட்சரம் பிசகாமல் செய்பவள் நான். மேலோட்டமாக அழித்தால் மீட்டுவிடலாம் என்று கேள்விப்பட்டு, இரண்டு மணி நேரம் ஓடும் முழு அழிப்பைப் போட்டேன். பிறகு கத்தரியால் மூன்றாக வெட்டி, சனிக்கிழமை காலையிலேயே பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மகளின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தி வேறு.

புதுக் கார்டைப் போட்டதும் எல்லா விளையாட்டுகளும் வரிசையாக வந்து நின்றன. அன்று மத்தியானம் பெருமையோடு அவளைக் கூப்பிட்டேன். அவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சாச்சு. எல்லா கேமும் இருக்கு."

"அம்மா, கொஞ்சம் ஸ்பீக்கரை அணையேன்."

"அப்பாவுக்குத் தெரியாம நமக்குள்ள என்ன ரகசியம்? சும்மா சொல்லு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தனிப்பட்டதுன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே. அதையும் மாத்தினேல்ல?"

"சீச்சீ, நான் அதைத் திறக்கவே இல்லடி. அப்படியே அழிச்சிட்டேன். யார் கையிலயும் மாட்டாது, பயப்படாதே."

"அது நான் வெச்ச பேரு இல்லம்மா. எல்லா மெஷின்லயும் அப்படித்தான் இருக்கும்." அவள் குரல் உடைந்தது. "கிளிகிட்ட பேசினதெல்லாம் அதுலதான் இருந்துச்சு. அப்பா பேசினது. கார்டு கெட்டுப் போகறதுக்குள்ள எடுத்துரணும்னுதாம்மா மாத்தச் சொன்னேன். அப்பா பக்கத்துல இருந்தாங்க, அதான் விளையாடணும்னு சொன்னேன்."

குரல் மெஷினின் வயிற்றுக்குள் இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கார்டில் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"கார்டு எங்க? மீட்டுக் கொடுக்கறவங்க இருக்காங்க."

"வெட்டிட்டேன்டி. மூணா வெட்டிட்டேன்."

கோட்டுகூடப் போடாமல் பனியில் மண்டபத்துக்கு ஓடினேன். பெட்டி இருந்த இடம் காலி. பக்கத்துத் தெரு குவாபரா அக்கா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"லாரி வந்து அள்ளிட்டுப் போயிருச்சும்மா. இந்த வருஷம் சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துட்டாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்னாச்சு, எதையாவது தவறிப் போட்டுட்டியா?"

"இல்லக்கா. சரியாத்தான் போட்டேன்."

அந்தத் துண்டுகள் கிடைத்திருந்தாலும் அவற்றில் ஒன்றும் இருந்திருக்காது. அது தெரிந்தும் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் மேஜை எதிரில் உட்கார்ந்திருந்தார். மெஷின் திறந்திருந்தது. திரையில் கிளி, பக்கத்தில் 'பதிவு எதுவும் இல்லை' என்ற எழுத்து. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் பலகையை என் பக்கம் திருப்பினார்.

'நான் ஆஸ்பத்திரி போகிற நாளில் நீ கேட்பாய் என்று தெரியும். பேட்டரி குறைந்திருக்கும். நான்தான் சார்ஜ் போட்டு வைப்பேன்.'

அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவர் மெஷினைக் கையில் எடுத்தார். பதிவுப் பொத்தானை அழுத்தி, உதட்டருகே பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி வாயை அசைத்தார். ஏலம் கூவும்போது புடைக்குமே, அதே போலக் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணீரில் அவர் உதடுகள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பத்து நொடி முடிந்து கிளி திருப்பிச் சொன்னது. அதில் நான் அழுவது மட்டும்தான் கேட்டது.