லிப்பின்ஸ்கி வீட்டுப் பச்சை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஒரு காரின் நிறம் இன்னது என்று சொல்லும் உரிமை அதை வாங்கியவருக்கோ, ஓட்டியவருக்கோ, கண் படைத்த வேறு எவருக்குமோ கிடையாது. அவ்வுரிமை அமெரிக்காவின் ஈரி ஏரித் தென்கரைப் பழங்கார் அசல் நிற ஆணையத்துக்கு மட்டுமே உண்டு.

ஆணையம் என்றால் மூன்று பேர். தலைவர் மெர்ல் ஹோஸ்டெட்லர், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றவர். கோட்டுப் பையில் ஆணையத்தின் சின்னத்தைத் தன் மனைவியை விட்டுத் தைக்க வைத்திருந்தார். சின்னத்தில் கழுகு இருந்தது, ஏன் என்று அவருக்கும் தெரியாது. அடுத்தவர் கஸ் டகாச். முப்பது வருஷம் பெயிண்ட் கடை நடத்தியவர், நிற அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைவார். மூன்றாவது நான். டார்ச் பிடிப்பேன்.

நவம்பரில் ஒரு மத்தியானம் வெர்னா லிப்பின்ஸ்கியின் வீட்டுக்குப் போனோம். ஏரிக்கரையில் கடைசி வீடு. பின்னால் ஒரு கார் கொட்டகை, அதற்குள் அவள் தம்பி ரேயின் மஸ்டாங், எழுபதாம் வருஷத்து வண்டி. ரே அதை வாங்கிய மறு வருஷம், மாசி வாக்கில், குளிர்காலக் கடைசியில் மீன் பிடிக்க உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் நடந்து போனான். கார் கரையில் நின்றது. அவன் திரும்பவில்லை. அந்த வசந்தத்தில் அவர்கள் அப்பா உப்புத்தாளை எடுத்துக் காரின் மேல் நிறம் முழுவதையும் கையாலேயே தேய்த்து எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது பெயிண்டுக்கு அடியில் பூசும் வெறும் சாம்பல் நிறப் பிரைமரோடு நிற்கிறது.

வெர்னா கொட்டகை வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"மெர்ல், எனக்குச் சர்டிஃபிகேட் வேண்டாம். எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி. உன் மூஞ்சியைப் பார்த்தா மூஞ்சி இல்ல, காது ரெண்டும்தான் தெரியுது."

"அதுல உனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல வெர்னா," என்றார் கஸ்.

"அதான் நானும் டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் என்ன சொல்றார்னா, இப்படிக் கண்ணு போறவங்களுக்கு இல்லாததெல்லாம் தெரியுமாம். ஒருத்தருக்குத் தொப்பி போட்ட குள்ளர்கள் வர்றாங்களாம். எனக்கு இந்தக் கார் பச்சையாத் தெரியுது. ரே வாங்கினப்ப இருந்த அதே பச்சை. இது கார்ல இருக்கா, என் கண்ணுல இருக்கா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. கண்ணுலதான்னா நாளைக்கே இதை வித்துட்டு, என் அக்கா மகன் பார்த்து வச்சிருக்கிற முதியோர் இல்லத்துக்குப் போயிடறேன். கார்லதான்னா எங்கேயும் போறதா இல்ல."

"ஆணையம் உரிய முறைப்படி ஆய்ந்து சொல்லும்," என்றார் மெர்ல். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பள்ளி நடன விருந்துக்கு ஒரு காலில் நீலமும் ஒரு காலில் கறுப்புமாக உறை மாட்டிக்கொண்டு வந்தவன் இன்று நிறத்துக்கு நீதிபதி என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அதனால் அவருடைய தமாஷ் உணர்ச்சி அன்று வேலை செய்யவில்லை.

கொட்டகைக்குள் புதுப் பெயிண்ட் வாடை அடித்தது.

"எதுக்காவது பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அக்டோபர்லேருந்து இப்படித்தான்," என்றாள்.

ஓட்டுநர் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். அந்தக் காலத்துக் கார்களில் கதவோரம் ஒரு தகடு இருக்கும். அதில் நிறத்துக்கு ஒரு குறி இருக்கும். கம்பெனிப் பட்டியலில் இல்லாத நிறத்தைத் தனியாகச் சொல்லி வாங்கியிருந்தால் குறி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். இதில் காலி. அப்படிப்பட்ட வண்டியில் தகட்டை நம்பிப் பயனில்லை, காரைத்தான் கேட்க வேண்டும். கதவு ரப்பருக்கு அடியில், பின் சீட்டுக்குப் பின்னால், டேஷ்போர்டுக்கு உள்ளே என்று வெயிலும் உப்புத்தாளும் எட்டாத இடங்களில் முதல் நிறம் ஒளிந்திருக்கும். எந்த அப்பாவாலும் அதையெல்லாம் தேய்த்து எடுக்க முடியாது.

கஸ் ரப்பரை உரித்தார். சாம்பல். பின் சீட்டைக் கழற்றினோம். சாம்பல். டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுப் பார்த்து, வெளியே வந்து, மறுபடி விட்டார்.

"சாம்பல்தான். ஆனா இந்த ரப்பர் கம்பெனியில ஒட்டினது. யாரும் தொடல. கீழே பெயிண்ட் இருந்த தடம் இருக்கு, மேடு தெரியுது பாரு. பெயிண்ட் மட்டும் இல்ல. எழுந்து போன மாதிரி இருக்கு."

"பெயிண்ட் எழுந்து போகாது," என்றார் மெர்ல். "சிலபேர் வெறும் பிரைமரோடயே கார் வாங்கிட்டுப் போய்த் தாங்களே அடிச்சுக்குவாங்க. இதுவும் அப்படித்தான். அசல் நிறம் என்று ஒன்று இல்லை. ஆய்வு முடிந்தது."

"முடியல," என்றார் கஸ். அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்குக்கு நேரே, கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஓர் உள்ளங்கை அளவு. கஸ் கர்சீப்பால் துடைத்தார். போகவில்லை, அது உள்பக்கம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது. குளிரில் மனிதன் மூச்சு விடும் கதியில். காருக்குள் யாரும் இல்லை. ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியில் மட்டும் தண்ணீர் நின்றது.

"கொட்டகை கூரை ஒழுகுது," என்றார் மெர்ல். காரின் கூரை ஒழுகாமல் கால்மிதியில் எப்படி ஒழுகும் என்று நான் கேட்கவில்லை. தலைவர் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்னா கொட்டகை மூலையில் குளிர்காய வைத்திருந்த விறகடுப்பருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நேராப் பார்த்தா பச்சை தெரியாது. நான் எங்கே நேராப் பார்க்கறேன்? எனக்குத்தான் நடுவே இல்லையே. அந்தச் சுவரைப் பாருங்க. கார் ஓரத்துல இருக்கட்டும்."

கஸ் சுவரைப் பார்த்தார். கழுத்தை ஒருக்களித்து, முட்டையிடப் போகும் கோழி மாதிரி நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் கையிலிருந்த நிற அட்டைகள் அத்தனையும் தரையில் சிதறின.

"அம்மாடி," என்றார் மெதுவாக. "இந்தப் பச்சை என்கிட்ட இல்ல. யார்கிட்டயும் இருக்காது."

நான் கொட்டகைக் கதவைப் பார்த்தேன், வெளியேறும் வழி என்ற அக்கறையில் மட்டும். அழைக்காமலே இடக்கண்ணின் ஓரத்தில் பச்சை வந்து நின்றது. பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்கு மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒரு பச்சை வருமே, அது. திரும்பினேன். சாம்பல்.

"மெர்ல், நீயும் பாரு," என்றாள் வெர்னா.

"ஆணையம் எதையும் நேராகத்தான் பார்க்கும். ஓரக்கண்ணால் பார்ப்பது எங்கள் விதிமுறையில் இல்லை."

"கஸ் என் சிநேகிதக்காரன், எனக்காகப் பொய் சொல்லுவான். இந்தத் தம்பி எல்லார் சொல்றதுக்கும் தலையாட்டுவார். நீ ஒருத்தன்தான் எனக்குச் சந்தோஷம் வரணும்னு ஒரு நாளும் நினைச்சது கிடையாது. நீ சொன்னா நான் நம்புவேன். பாருடா."

"பைத்தியக்காரத்தனம்," என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கக் குனிந்தார் மெர்ல். குனிந்தவர் நிமிரவில்லை. முகம் தரையைப் பார்த்தபடி இருந்தது. காரின் கதவு அவர் காதுப் பக்கம் இருந்தது. கழுகுச் சின்னம் போட்ட கோட்டு முதுகில் ஏறிச் சுருண்டு நிற்க, அப்படியே இருந்தார். மாரடைப்போ என்று பயந்து நான் கிட்டப் போனேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

அடுப்பில் கட்டை வெடித்தது. கண்ணாடியில் ஆவி விரிந்தது, சுருங்கியது.

"வெர்னா," என்றார். அவர் குரலில் அதிகாரத்தைக் காணோம். "அவனைக் கையை எடுக்கச் சொல்லு."

"யாரை?"

"உன் தம்பியை. முழங்கையைக் கதவு மேல வச்சிட்டிருக்கான். பெயிண்ட் இன்னும் ஈரமா இருக்கு, தடம் விழுந்துரும்."

வெர்னா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்; தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு. பிறகு எழுந்து, கையால் தடவித் தடவி, காரின் அந்தப் பக்கம் போனாள். கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். நேரே ஏரியைப் பார்க்கிறவள் மாதிரி கொட்டகைச் சுவரைப் பார்த்தாள். அவள் பக்கத்துக் கண்ணாடியிலும் ஆவி படியத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆவியும் ஒரே கதியில் விரிந்து சுருங்கின.

நாங்கள் மூவரும் காரை நேராகப் பார்க்காமல், ஒருவரை ஒருவரும் பார்க்காமல், பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தோம். நண்டு நடை. காற்றில் பனித்தூவல் ஆரம்பித்திருந்தது. கஸ் சிகரெட்டைத் தலைகீழாகப் பற்றவைத்தார்.

"விக்க மாட்டா," என்றார்.

"விக்க வேண்டாம்," என்றார் மெர்ல்.

வெர்னாவின் அக்கா மகன் மறுநாள் போன் செய்தபோது, கார் விற்பனைக்கில்லை, சித்தியும் எங்கும் வருவதாக இல்லை என்று மெர்லே பேசி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், டோனட்டும் ஆறிய காபியும் முன்னால் இருக்க, தலைவர் எழுந்து நின்று ஆணையத்தின் முடிவை வாசித்தார். வாகனம்: லிப்பின்ஸ்கி மஸ்டாங். அசல் நிறம்: பச்சை, தனி ஆர்டர். சான்று: நேரில் பார்த்தது. நிறத்துக்கு முழு மதிப்பெண்.

ஆய்வு நடக்கும்போது வண்டிக்குள் ஆள் இருந்ததற்காக மொத்த மதிப்பெண்ணில் இரண்டு குறைக்கப்பட்டது.