போருக்குள் விழுந்த மோட்டார்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே மோகனசுந்தரத்துக்கும் அவருடைய தங்கை வனிதாவுக்கும் அடுத்தடுத்த தோட்டம். இரண்டுக்கும் தண்ணீர் ஒரே ஆழ்துளைப் போரிலிருந்துதான். வனிதாவின் கணவர் இறந்த பிறகு போர், மோட்டார் வேலைகளை எல்லாம் அண்ணனே பார்த்துக்கொண்டார். அவள் செலவில் தன் பங்கைக் கொடுத்துவிடுவாள், கேள்வி கேட்டதில்லை.

தை மாதம் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தபோது இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தன. பிளாஸ்டிக் குழாய் மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று.

"நல்ல கனமானதாப் பாத்து வாங்குங்கண்ணா. பணம் பத்தலீன்னா கெடேரிக் கன்னுக்குட்டிய வித்துத் தர்றேன்" என்றாள் வனிதா.

"அதெதுக்கு அம்மிணி? எல்லாம் பிளாஸ்டிக்குத்தான். நான் பாத்துக்கறேன்."

கடையில் இரண்டு விதமான குழாய் இருந்தது. மெல்லியது பாதி விலை. "உங்க போரு ஆழத்துக்கு இது தாங்கும்னு நான் சொல்ல மாட்டேனுங்க" என்றார் கடைக்காரர். விலை கூடியதை விற்பதற்கான பேச்சு என்று நினைத்து மோகனசுந்தரம் மெல்லியதையே வண்டியில் ஏற்றினார். மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் கம்பிக் கயிறும் வாங்கவில்லை. வீட்டில் பழைய நைலான் கயிறு கிடந்தது. தங்கைக்கும் சேர்த்து மிச்சம் பிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

பங்குனி வெயிலில் ஒரு காலை, ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. மெக்கானிக் ஆறுச்சாமி வந்து குழாயை இழுத்தார். கனமே இல்லாமல் மேலே வந்தது. இணைப்பில் முறிந்திருந்தது, கயிறும் அறுந்திருந்தது. மோட்டார் போருக்குள் விழுந்து சாய்ந்து இறுகிவிட்டது. கொக்கி போட்டு எவ்வளவோ முயன்றும் அசையவில்லை.

"இனி இந்தப் போரு ஆகாதுங்க" என்று ஆறுச்சாமி கைகழுவினார்.

வனிதாவின் புடலைப் பந்தல் அப்போதுதான் பூவெடுத்திருந்தது. மோகனசுந்தரம் அங்கே போனபோது அவள் பந்தலுக்கடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நல்ல குழாயத்தானுங்களே போட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"இல்ல அம்மிணி. சல்லிசாக் கெடச்சுதுன்னு..."

வனிதா கீழே உதிர்ந்திருந்த ஒரு பூவைக் குனிந்து எடுத்தாள். "பத்தலீன்னா தர்றேன்னுதானுங்களே சொன்னேன்?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தன் தென்னைகளை வாடவிட்டு, டேங்கர் தண்ணீரை அவள் பந்தலுக்கு விட்டார். வேர் நனைவதற்குள் மண் குடித்துவிட்டது. கொடிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டு, முன்பணத்தில் புதுப் போர் போட்டார். முதல் இடத்தில் வெறும் புழுதி. இரண்டாவது இடத்தில் தண்ணீர் வந்தது, பழையதில் பாதிதான். இந்த முறை கனமான குழாயும் கம்பிக் கயிறும் இறக்கினார். அதற்குள் பந்தல் காய்ந்து சருகாகியிருந்தது.

மறுநாள் காலை வனிதா தலையில் துண்டு கட்டிக்கொண்டு சாலையோரம் நின்றிருந்தாள். கூலிக்குத் தக்காளி பறிக்கப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் வரும் நேரம். மோகனசுந்தரம் பைக்கை நிறுத்தினார்.

"தண்ணி வந்துருச்சு அம்மிணி. மொதல்ல உன்ற பக்கந்தான் திருப்பி உட்டிருக்கறேன்."

"உடுங்க. இந்த வெயில்ல என்னத்த நடறது? ஆடி பொறக்கோணும். அதுவரைக்கும் சாப்புடோணுமில்லீங்கண்ணா."

வேன் வந்தது. அவள் ஏறி மற்றவர்களோடு நெருக்கி உட்கார்ந்தாள். உள்ளே இருந்த தெரிந்த பெண் ஒருத்தி, "ஏனுங்க, நல்லாருக்கறீங்களா?" என்று அவரைக் கேட்டாள். அவர் தலையாட்டிவிட்டுப் பைக்கைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார்.